கல்விக்கும் உண்டு ஸனது

ஹிராக் குகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதற்சொல், ஓதுமாறு பணித்த கட்டளையாகும் என்பதை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிவார்கள். அதனை அடுத்து வந்த திருவசனங்கள், எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கற்பித்தவன் இறைவனே என்னும் உண்மையை உணர்த்துகின்றன. எனவே, கல்வி எந்தத் தனி மனிதனுக்கும், எந்தச் சமுதாயத்துக்கும் சொந்தச் சொத்தாகாது. அல்லாஹ்வின் அருளால் தோன்றி, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வந்து சேரும் அமானிதமே அது.

இதனை நன்கு உணர்ந்திருந்த காரணத்தால்தான், யாரிடமிருந்து கற்றோம் என்பதை நம் முன்னோர் மறவாமல் சொல்லி வந்தார்கள். ஒரு ஹதீஸைக் கூறுமுன், அதைத் தமக்கு அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என்று வரிசையாகக் கூறும் முறைக்கு இஸ்னாத் என்று பெயர். ஹிஜ்ரி 181-இல் மறைந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்கள் இதனை மார்க்கத்தின் ஓர் அங்கமாகவே மதித்தார்கள். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதி முடித்த மாணவருக்கு வழங்கப்படும் ஸனதும், அந்த நெடிய தொடரில் அவரும் ஒருவராகச் சேர்ந்துவிட்டார் என்பதற்கான சான்றேயாகும்.

இந்த அளவுகோலை உலகக் கல்விக்கும் பொருத்திப் பார்ப்போமா? ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலம் அதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அக்காலத்தைப் பற்றி நம் மேடைகளில் பெரும்பாலும் ஒரே செய்திதான் ஒலிக்கிறது. ஐரோப்பியர் அனைத்தையும் நம்மிடமிருந்தே கற்றார்கள் என்பதே அது. அதில் உண்மை உண்டு. முழு உண்மையும் அதில் அடங்கியிருக்கிறதா என்பதை வரலாற்றைப் படித்தபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

பழைய ஏடுகளைத் தேடியவர்கள்

கி.பி. 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் சிலருக்குப் பண்டைய ரோமாபுரியின் நூல்கள் மீது தணியாத வேட்கை பிறந்தது. இலக்கணம், சொல்லாற்றல், செய்யுள், வரலாறு, ஒழுக்கவியல் ஆகிய ஐந்தும் மனிதனை மனிதனாக்கும் கல்வி என்று அவர்கள் கருதினார்கள். அதனால் அக்கல்விக்கு மானிடக் கல்வி என்ற பொருள்படும் பெயர் ஏற்பட்டது. நம் அரபு மரபில் 'அதப்' என்று வழங்கும் கல்விக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியக்கத்தக்கது.

இவர்கள் மடாலயங்களின் இருண்ட அறைகளில் புழுதி படிந்து கிடந்த ஏடுகளைத் தேடி அலைந்தார்கள். போஜ்ஜோ என்பவர் ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்தில், சொற்பயிற்சி பற்றிக் குவின்டிலியன் எழுதிய நூலின் முழுப் பிரதியை 1416-இல் கண்டெடுத்தார். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த கிறிசோலோராஸ் என்னும் அறிஞர் 1397-இல் பிளாரன்ஸ் நகரில் கிரேக்க மொழி கற்பிக்கலானார். துருக்கியர் 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளை வென்றபின், கிரேக்கரான கார்டினல் பெஸாரியன் தம்மிடமிருந்த 700-க்கும் மேற்பட்ட ஏடுகளை 1468-இல் வெனிஸ் நகருக்குக் கொடையாக அளித்தார். அதே வெனிஸில் ஆல்டஸ் என்னும் அச்சகத்தார், அரிஸ்டாட்டிலின் நூல்களை 1495 முதல் 1498 வரை கிரேக்க மூலத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார்.

அன்பர்களே, இவ்வுழைப்பு அவர்களுடையது. இதில் நாம் பங்கு கேட்பது முறையாகாது. கல்விக்காகப் பயணம் செய்வதையும், ஏட்டைத் தேடி அலைவதையும் போற்றும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதனை மனமாரப் பாராட்ட வேண்டும்.

அறுபட்ட தொடர்

இம்மறுமலர்ச்சியின் தந்தை எனப் போற்றப்படுபவர் பெட்ரார்க் (1304–1374) என்னும் கவிஞர். ஹோமரின் கிரேக்கக் காவியப் பிரதியொன்று அவரிடம் வந்து சேர்ந்தது. அவருக்கோ கிரேக்கம் தெரியாது. அந்த ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அதன் குரலைக் கேட்க முடியாத செவிடனாக இருக்கிறேனே என்னும் கருத்தில் 1354-இல் ஏக்கத்தோடு கடிதம் எழுதினார். இத்தகைய கல்வித் தாகம் எவர் உள்ளத்தையும் உருக்கும்.

ஆனால் அதே பெட்ரார்க், தம் முதுமையில் மருத்துவ நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அரபியரிடமிருந்து நன்மை எதுவும் வரக்கூடுமென்று தம்மை நம்பச் செய்வது அரிது என்ற கருத்தை வெளியிட்டார். வெனிஸ் நகரில் இப்னு ருஷ்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேத அறிஞர்களை எள்ளி நகையாடியவர்கள் அவர் மனத்தைப் புண்படுத்தியிருந்தார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. வருத்தத்தின் வேகத்தில் ஒரு சமுதாயம் முழுவதன் உழைப்பையும் அவர் தள்ளிவிட்டார்.

அவர் தள்ளிய உழைப்பு எத்தகையது? கிரிமோனா என்னும் இத்தாலிய ஊரைச் சேர்ந்த ஜெரார்ட் (மறைவு 1187), வானவியல் அறிஞர் தாலமியின் அல்மஜஸ்தியைத் தேடி, ஸ்பெயின் நாட்டின் துலைத்துலா நகருக்குச் சென்றார். டொலீடோ என்று இன்று வழங்கும் அந்நகரை 1085-இல் கிறித்தவ மன்னர் கைப்பற்றியிருந்தார். ஆயினும் அரபுக் கிதாபுகள் அங்கே நிறைந்திருந்தன. ஜெரார்ட் அங்கேயே தங்கி அரபு கற்று, அல்மஜஸ்தியையும் இப்னு ஸீனாவின் மருத்துவப் பெருநூலான 'அல்கானூன்' என்பதையும் உள்ளிட்டு 70-க்கு மேற்பட்ட நூல்களை லத்தீனில் மொழிபெயர்த்தார். தம் பெயரை அவர் நூல்களில் பொறிக்கவில்லை. அவர் மறைந்தபின் மாணவர்களே அந்நூல்களின் பட்டியலை எழுதி வைத்தார்கள். ஆசிரியரின் ஸனதைக் காத்த நல்ல மாணவர்கள் அவர்கள்!

பெட்ரார்க் சொல்லால் அறுத்த தொடரை, வேறொருவர் நெருப்பால் அறுத்தார். ஸிஸ்னெரோஸ் என்னும் ஸ்பானியப் பேராயர் அல்கலா பல்கலைக்கழகத்தை நிறுவியவர். எபிரேய, கிரேக்க, லத்தீன் மொழிகளில் வேதநூலை ஒருசேர அச்சிடச் செய்தவர். பழங்கல்வியின் பெரும் புரவலரான அவரே 1499–1500 காலத்தில் கிரானடா நகரில் அரபுக் கிதாபுகளைக் குவித்துத் தீயிடச் செய்தார். மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. அவற்றின் பயனை அவர் அறிந்திருந்தார் போலும்!

நன்றி மறவாதவர்கள்

இவர்களுக்கு நேர்மாறானவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். பீக்கோ தெல்லா மிராந்தோலா என்னும் இளைஞர் தம் 23-ஆம் வயதில், 1486-இல், மனிதனின் மாண்பு பற்றிய புகழ்பெற்ற பேருரையை எழுதினார். மறுமலர்ச்சியின் சாரம் என்று அறிஞர்கள் போற்றும் அவ்வுரை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அரபியரின் நூல்களில் தாம் படித்த ஒரு செய்தியோடு! உலக அரங்கில் மிக வியப்புக்குரியது எது என்று கேட்கப்பட்டபோது, மனிதனே என்று அப்துல்லாஹ் என்னும் முஸ்லிம் பெரியார் விடை கூறினார் என்பது அச்செய்தி. அவர் எந்த அப்துல்லாஹ் என்பது பற்றி ஆய்வாளர் பல கூறினும், பீக்கோ தம் ஸனதை முதல் வரியிலேயே அறிவித்துவிட்டார். ஆதமின் மக்களை இறைவன் கண்ணியப்படுத்தினான் என்னும் திருக்குர்ஆனின் போதனையை அறிந்த நமக்கு, அவ்விடை புதியதன்று.

வெனிஸ் நாட்டு ஆண்ட்ரியா ஆல்பாகோ (மறைவு 1522) என்னும் மருத்துவரையும் நாம் நினைவுகூர வேண்டும். ஜெரார்டின் மொழிபெயர்ப்பில் மலிந்திருந்த பிழைகளைத் திருத்த விரும்பிய அவர், டமாஸ்கஸ் நகரில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்து அரபு கற்றார். இப்னு மக்கீ என்னும் முஸ்லிம் மருத்துவரிடம் பயின்றதை மரியாதையோடு குறிப்பிட்டார். அவர் திருத்திய 'அல்கானூன்' அவர் மறைவுக்குப் பின் 1527-இல் வெனிஸில் அச்சேறியது.

நம் கணக்கையும் பார்ப்போம்

பெட்ரார்க் தொடரை அறுத்தது தவறென்றால், நாம் அறுப்பதும் தவறேயன்றோ? 'எல்லாம் நம்முடையது' என்று முழங்கும்போது, நமக்குக் கற்பித்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தவர்களில் தலைசிறந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873). அவர் ஒரு கிறித்தவர். கேலன் என்னும் கிரேக்க மருத்துவரின் 129 நூல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் யார், யாருக்காக, எம்மொழியில் பெயர்த்தார் என்று ஒரு நிருபத்தில் எழுதிவைத்தார். கேலனின் ஒரு நூலுக்காக ஈராக்கின் வடபகுதி, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகிய நாடுகளெங்கும் அலைந்து, கடைசியில் டமாஸ்கஸில் அதன் ஏறத்தாழப் பாதியை மட்டுமே கண்டார். போஜ்ஜோவுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்த தேட்டம் இது! அதே பாக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தி, உண்மை எத்தொலைவிலிருந்து, எந்தச் சமுதாயத்திடமிருந்து வந்தாலும் அதை ஏற்க வெட்கப்படலாகாது என்னும் கருத்தைத் தெளிவாக எழுதினார்.

ஞானம் முஃமின் தொலைத்த பொருள் போன்றது என்னும் கருத்துடைய ஓர் அறிவிப்பை இங்கே பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அதைப் பதிவு செய்த இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களே, அதன் அறிவிப்பாளர் ஒருவர் பலவீனமானவர் என்பதையும் குறித்துள்ளார்கள். தமக்குப் பிடித்த கருத்தாயினும் அதன் ஸனதை மறைக்காத அந்த நேர்மையை எண்ணிப் பாருங்கள்! மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்னும் நபிபோதனையோ உறுதியாக நிலைபெற்றது. நமக்கு அதுவே போதும்.

நாம் மறைக்கக்கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. குர்துபாவின் காழியாகவும், 'பிதாயத்துல் முஜ்தஹித்' என்னும் ஃபிக்ஹு நூலின் ஆசிரியராகவும் விளங்கிய இப்னு ருஷ்து அவர்களின் தத்துவ நூல்களை 1195-இல் எரிக்கச் செய்தது ஒரு முஸ்லிம் அரசேயாகும். அவருடைய கருத்துகள் அனைத்தையும் உலமாக்கள் ஏற்கவில்லை என்பது உண்மை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுத்து நூல் எழுதினார்கள்; இப்னு ருஷ்து அதற்கு மறுப்பு எழுதினார். நூலுக்கு நூல் விடையளிப்பது கல்வியின் மரபு. நூலுக்கு நெருப்பு விடையளிப்பது எந்த மார்க்கத்தின் மரபு?

அவர் 1198-இல் மராக்கிஷ் நகரில் மறைந்தார். பின்னர் அவருடைய உடல் குர்துபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, வாகன மிருகத்தின் ஒரு பக்கத்தில் ஜனாஸாப் பெட்டியும், மறுபக்கத்தில் எடை சமன்செய்ய அவருடைய கிதாபுகளும் ஏற்றப்பட்டிருந்ததைக் கண்டவர்களுள் இப்னு அரபி (ரஹ்) அவர்களும் ஒருவர். அவர் எழுதியவற்றுள் சில இன்று அரபு மூலத்தில் இல்லை. எபிரேய மொழியிலும் லத்தீனிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. நம் அறிஞரின் சொல்லை அறிய, யூதரும் கிறித்தவரும் காத்துவைத்த ஏடுகளை நாடவேண்டிய நிலை நமக்கு! அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டாமா?

உங்கள் இல்லத்தில்

இந்தத் தொடர் நம் கண்முன்னேயும் இருக்கிறது. நம் மதரஸாக்களில் தர்க்கக் கலைக்கு முதற்பாடமாக நெடுங்காலம் ஓதிவந்த 'ஈஸாகோஜி'யை உலமாக்கள் அறிவார்கள். அதனை இயற்றியவர் 13-ஆம் நூற்றாண்டினரான அஸீருத்தீன் அல்அப்ஹரி. அப்பெயரோ கிரேக்கச் சொல்! அறிமுகம் என்று பொருள்படும் அப்பெயரில், மூன்றாம் நூற்றாண்டில் பார்ஃபிரி என்னும் கிரேக்க அறிஞர் எழுதிய நூலே அதன் முன்னோடி. அந்நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பே ஐரோப்பியப் பல்கலைக்கழக மாணவருக்கும் தர்க்கத்தின் முதற்பாடமாக இருந்தது. ஒரே ஊற்றின் நீர் இரண்டு வாய்க்கால்களில் பாய்ந்திருக்கிறது.

உங்கள் குழந்தை கணக்கு எழுதும் நோட்டைப் பாருங்கள். அதிலுள்ள எண்கள் இந்திய நாட்டில் பிறந்தவை. அல்குவாரிஸ்மி அவற்றை இந்தியக் கணக்கு என்றே குறித்து அரபுலகுக்கு விளக்கினார். வட ஆப்பிரிக்காவின் பிஜாயா துறைமுகத்தில் அவற்றைக் கற்ற பீஸா நகர லியோனார்டோ, 1202-இல் தாம் எழுதிய கணித நூலில் அவற்றை இந்தியரின் ஒன்பது எண்கள் என்றே அறிமுகப்படுத்தினார். நம் பெரியவர்கள் பூஜ்யத்தைச் 'சைபர்' என்பார்களே, அதுவும் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான்.

ஆகவே, பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளுக்கு இப்னு ஸீனாவையும் இப்னு ருஷ்தையும் பற்றிப் பெருமையோடு சொல்லுங்கள். அவர்களுக்கு முன்னே நின்ற ஹுனைனையும், பின்னே நின்ற ஜெரார்டையும் ஆல்பாகோவையும் சேர்த்தே சொல்லுங்கள். எழுத்தறிவித்தவர் எச்சமயத்தவராயினும் அவரை மதிக்கப் பழக்குங்கள். முன்னோர் பெயரைச் சொல்லி மகிழ்வது எளிது. அவர்களைப் போல் ஓர் இரவு விழித்திருந்து படிப்பது கடினம். ஸனதில் முன்னோர் பெயர்கள் எத்தனை இருந்தாலும், நம் பெயரை அடுத்து எழுதுவதற்கு நம்மிடம் கற்றவர் ஒருவர் இல்லையென்றால், அத்தொடர் நம்மோடு முடிந்துவிடும்.

பெற்ற அமானிதத்தைப் பேணி, தந்தவர்களுக்கு நன்றி கூறி, வருபவர்களுக்குக் குறைவின்றி வழங்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.