தங்கம் போயிற்று; கோவில் நிற்கிறது!

வீடுகள் இருக்கின்றன, குடியிருக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது, படிக்கப் பிள்ளைகள் இல்லை. கடையில் சாமான்கள் இருக்கின்றன, வாங்குவார் இல்லை. தேவாலயம் இருக்கிறது, அங்கே ஞாயிறு ஆராதனை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன!

இப்படியும் ஓர் ஊரா? ஆம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 8 ஆயிரம் அடிக்கு மேல் உயரமான இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் போடி.

தங்க வேட்டை

1859-ம் ஆண்டில் டபிள்யூ. எஸ். போடி என்பவர் இங்கே தங்கம் கண்டார். அதை அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பனிப்புயலில் சிக்கி மாண்டார். அவர் பெயர் மட்டும் ஊருக்கு நிலைத்தது.

1870-களின் கடைசியில் சுரங்கத்தில் தங்கம் நிறையக் கிடைத்தது. நாலா திசையில் இருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1880-ல் 5 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தனர். மதுக்கடைகள் மட்டும் சுமார் 65! சூதாட்டம், அடிதடி, துப்பாக்கிச் சண்டை எல்லாம் உண்டு. இந்த ஊருக்குக் குடிபோக இருந்த ஒரு சிறுமி, கடவுளிடமே விடைபெற்றுக் கொண்டாள் என்று ஒரு கதை சொல்வார்கள். அவ்வளவு கெட்ட பெயர்!

கோவில் வந்தது

1882-ல்தான் ஊரில் தேவாலயங்கள் எழுந்தன. கத்தோலிக்கர்கள் ஒன்று கட்டினார்கள். மெதடிஸ்டுகள் ஒன்று கட்டினார்கள். அதற்குள் தங்கம் குறைந்துவிட்டது. பணம் தேடி வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். பெண்டு பிள்ளைகளோடு தங்கிவிட்டவர்களே கோவிலுக்கு வந்தார்கள்.

1932-ல் ஏற்பட்ட பெருந்தீயில் ஊரின் பெரும் பகுதி சாம்பல் ஆயிற்று. மெதடிஸ்டு கோவிலில் கடைசி ஆராதனை நடந்ததும் அதே ஆண்டில்தான். 1942-ல், போர்க்காலத்தில், தங்கச் சுரங்க வேலையை அரசு நிறுத்தியது. ஊர் வெறிச்சோடியது. 1962 முதல் மாநில அரசு இதைப் பாதுகாத்து வருகிறது. கட்டிடங்களைப் புதுப்பிப்பது இல்லை. இடிந்து விழாமல் பார்த்துக் கொள்கிறார்கள்.

கட்டளைக்கே களவு!

கத்தோலிக்கர் கோவில் தீக்கு இரையாகிவிட்டது. மெதடிஸ்டு கோவில் மட்டும் நிற்கிறது. அங்கே போதகர் நின்று பேசும் இடத்துக்குப் பின்னால், பைபிளின் பத்துக் கட்டளைகளைத் துணியில் எழுதித் தொங்கவிட்டு இருந்தார்கள். 'திருடக் கூடாது' என்பதும் அவற்றில் ஒன்று. அந்தத் துணியையே யாரோ திருடிக் கொண்டு போய்விட்டார்கள்!

இன்னொரு விந்தையும் உண்டு. போடியில் இருந்து ஒரு சிறு ஆணி எடுத்தாலும் சாபம் பிடிக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதனால், பார்க்க வந்த இடத்தில் ஆணியோ கல்லோ எடுத்துச் சென்றவர்கள், பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதி, பொருளைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள்.

இது பக்தியா, பயமா?

பைபிளில் சகேயு என்று ஒருவர் வருகிறார். வரி வசூலித்துப் பணம் சேர்த்தவர். ஊரார் வெறுத்த அவரது வீட்டுக்கு இயேசு விருந்தாளியாகப் போனார். சாபம் இடவில்லை, மிரட்டவும் இல்லை. அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சகேயு தாமே சொன்னார். கிறிஸ்தவர்கள் மனந்திரும்புதல் என்று சொல்வது இதைத்தான்.

சாபத்துக்குப் பயந்தால் ஆணி திரும்பி வரும். அன்புக்குப் பணிந்தால் மனமே திரும்பும். சுவரில் தொங்கிய கட்டளையைத் திருடலாம். மனதில் பதிந்த கட்டளையை யார் திருட முடியும்?