ஆறு மணி நேரக் கதிர்

ஸ்கேன் படத்துக்காகக் கதிரியக்கப் பொருளை ஊசி வழியே உடம்புக்குள் செலுத்தத்தான் வேண்டும் என்றால், இருப்பதிலேயே வலுக்குறைந்த கதிரைத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அது ஆபத்தைக் குறைக்காது. கதிர் உடம்பைத் துளைத்து வெளியே வந்து காமா கேமராவை எட்டினால்தான் படம் விழும். வலுக்குறைந்த கதிர் திசுக்களிலேயே அடங்கிப்போகும். நோயாளிக்குக் கதிர்வீச்சு சேரும், மருத்துவருக்குப் படம் சேராது. மிக வலுவான கதிரோ கேமராவின் படிகத்தையும் ஊடுருவிப் போய்விடும். இந்த ஸ்கேன்களில் பயன்படும் டெக்னீசியம்-99எம் வெளியிடும் காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். உடம்பைத் தாண்டவும் கேமராவில் சிக்கவும் ஏற்ற அளவு. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 6 மணி நேரம். தைராய்டுக்குப் பயன்படும் அயோடின்-131இன் அரை ஆயுளோ 8 நாள். இரண்டையும் ஒரே கதிரியக்க அளவில் தொடங்கினால், சிதைந்து தீர்வதற்குள் அயோடின் ஏறத்தாழ 32 மடங்கு அதிகச் சிதைவுகளை நிகழ்த்தும். போதாததற்குப் பீட்டாத் துகள்களையும் உமிழ்ந்து பக்கத்துத் திசுவைச் சுடும். தைராய்டுப் புற்றுநோயைச் சுடுவதற்கு அதே குணம்தான் வேண்டும். வெறும் படத்துக்கு வேண்டாம்.

டெக்னீசியம்-99எம் கதிரை விட்டபின் எஞ்சும் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் 2 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல், அது உடம்பில் தங்கினால் என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் நீண்ட ஆயுள் என்பது அணுக்கள் அவ்வளவு மெதுவாகச் சிதைகின்றன என்பதற்கான கணக்கு. எலும்பு ஸ்கேனுக்கு வழக்கமாகத் தரும் 20 மில்லிகியூரியில் நொடிக்கு 74 கோடி அணுக்கள் சிதைகின்றன. அந்த ஊசியில் உள்ள அணுக்கள் அத்தனையும் வெளியேறாமல் டெக்னீசியம்-99 எச்சமாகவே தங்கினாலும் நொடிக்கு இரண்டு மூன்று சிதைவுகள்தான் நிகழும். நம் உடம்பில் இயற்கையாக உள்ள பொட்டாசியம் மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 4,000 முறை சிதைகிறது.

ஆறு மணி நேரத்தில் பாதியாகும் பொருளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது எப்படி? 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட தாய்த்தனிமமான மாலிப்டினம்-99ஐ ஈயக்கவச ஜெனரேட்டரில் வைத்து அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் 1950களின் இறுதியில் உருவாக்கிய வழி இது. உப்புக் கரைசலைச் செலுத்தினால், பசுவைக் கறப்பதுபோல, டெக்னீசியம் மட்டும் பிரிந்து வரும். காலை 7 மணிக்கு 40 மில்லிகியூரி என்றால் பகல் 1 மணிக்கு 20தான். நேரம் குறிக்காத அளவு இங்கே அளவே அல்ல. மாலிப்டினம் கலந்து வந்துவிட்டதா என்று பார்க்கும் சோதனை அழகானது: குப்பியை ஈயக் குடுவைக்குள் வைத்து அளக்கிறார்கள். டெக்னீசியத்தின் கதிர் ஈயத்தில் நின்றுவிடும். மாலிப்டினத்தின் வலுவான கதிர் தாண்டி வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு குறையை மட்டும் மறுக்க முடியாது: மாலிப்டினத்துக்கு உலகம் சில பழைய அணு உலைகளையே நம்பியிருந்தது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கனநீர்க் கசிவால் நின்று, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை இயங்கவில்லை. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. ஸ்கேன்கள் தள்ளிப்போயின; இதயப் படத்துக்குச் சில இடங்களில் பழைய தாலியம்-201க்கே திரும்பினார்கள். அதன் கதிர் டெக்னீசியத்தினுடையதைவிட வலுக்குறைந்தது, அரை ஆயுள் 73 மணி நேரம். படம் அவ்வளவு தெளிவில்லை, நோயாளி வாங்கிய கதிர்வீச்சோ கூடுதல்.