குடி ஆசையைத் தணிக்கும் மாத்திரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லூபோக் சீனா, மஸ்ஜிட் தானா, அலோர்காஜா என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும், குடியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் தாய்மார்கள் கேட்பது ஒன்றுதான். "அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதா, டாக்டர்?"

கலந்து கொடுக்காதீர்கள், அம்மா. நீங்கள் கேள்விப்பட்டது டைசல்ஃபிராம். 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் குடிநோய்க்கென்று வந்த மருந்து. இதைச் சாப்பிட்டவர் குடித்தால், மதுவிலிருந்து உண்டாகும் நச்சுப்பொருள் உடைபடாமல் இரத்தத்தில் தேங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும். இருதய நோயாளிக்கு உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. தெரிந்து சாப்பிடுபவர் அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார். தெரியாமல் சாப்பிட்டவருக்கு ஏது பயம்? அவர் நேரே சம்சு கடைக்குத்தான் போவார். மேலும், இம்மருந்து பயத்தைத்தான் தரும், ஆசையைக் குறைக்காது.

ஆசையைக் குறைக்கும் மருந்துகள் வேறு. முதலாவது நால்ட்ரெக்சோன். மது உள்ளே போனதும் மூளையில் சுரக்கும் இன்ப இரசாயனங்களின் வேலையை இது தடுக்கிறது. அமெரிக்காவில் 1994-இல் குடிநோய்க்கு அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்கள் பலர் சொல்வது, "குடித்தேன், ஆனால் பழைய சுகம் இல்லை" என்பதே. பாதிக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வருபவர்களும் உண்டு. ஆனால் தள்ளாட்டம் குறையாது. சுகம் இல்லையே என்று மோட்டார் சைக்கிளில் ஏறிவிடக் கூடாது. முதல் சில நாள் குமட்டலும் தலைவலியும் வரலாம். அதற்குப் பயந்து நிறுத்திவிடுவோர் பலர். உணவுக்குப் பின் சாப்பிட்டால் குமட்டல் குறையும். கல்லீரலைச் சோதித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டிரமடோல் போன்ற வலி மாத்திரையோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோ சாப்பிடுபவர் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இரண்டாவது அகம்ப்ரோசேட். குடியை நிறுத்திவிட்டவருக்கு, நிறுத்தியபின் வரும் மன அமைதியின்மையைத் தணிக்கும். வேளைக்கு இரண்டாக நாளுக்கு மூன்று வேளை. "ஒன்றுமே தெரியவில்லையே" என்பார்கள். தெரியாது, உண்மைதான். ஆறு மாத்திரையில் மதிய வேளை வேலைக்காட்டில் மறந்துபோகும், அங்கேதான் சறுக்கல். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இது ஒத்துவராது.

நோயாளியே எழுதிய அனுபவம் என்றால் ஒலிவியே அமேசான் நினைவுக்கு வருகிறார். பிரான்ஸ் நாட்டு இருதய மருத்துவர். நியூயார்க்கில் வேலை பார்த்தவர். எத்தனையோ சிகிச்சை எடுத்தும் குடி விடவில்லை. தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பாக்லோஃபென் மருந்தைத் தம்மீதே சோதித்து, அளவை 270 மில்லிகிராம் வரை கூட்டினார். 2008-இல் அதைப் புத்தகமாக எழுதினார். ஆசையை அடக்கி வென்றேன் என்று அவர் சொல்லவில்லை. மது எதிரே இருந்தும் அதன்மேல் நாட்டமே இல்லாமல் போனது என்றார். பிரான்சில் நோயாளிகள் அதைக் கேட்டு மருத்துவர்களை முற்றுகையிட்டார்கள். 2018-இல் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் நாளுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற வரம்போடு. மயக்கமும் மிதமிஞ்சிய தூக்கமும் வரும் மருந்து அது. ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. அவரைப் பார்த்து நாமே அளவைக் கூட்டுவது தற்கொலைக்குச் சமம்.

பலன் எவ்வளவு? பல ஆய்வுகளைத் திரட்டி அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2014-இல் வந்த கட்டுரையின்படி, 12 பேருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் மருந்தின் பயனால் மட்டும் கூடுதலாக ஒருவர் பெருங்குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார். மந்திரம் இல்லைதான். ஆனால் ஒன்றுமில்லை என்று ஒதுக்கவும் முடியாது.

தைப்பூச விரதத்துக்கு 48 நாள் குடிக்காமல் இருந்தவர், காவடி இறக்கியதும் மறுநாளே கடை வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். மன உறுதி இல்லாதவரா அவர்? உறுதி இருந்தது, ஆசை போகவில்லை. ஆனால் காலை முதலே குடிப்பவர் விரதம் என்று திடீரென நிறுத்தவும் கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். அவர்கள் மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். தேவையானால் அங்கிருந்து மலாக்கா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். 'மனநலம்' என்ற சொல்லுக்குக் கூச்சப்பட வேண்டாம். இந்த நோயைப் பார்க்கும் இடம் அதுதான். அவரையும் கூட அழைத்துப் போங்கள். என்ன குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.