மூக்கடைப்புக்குப் பல் ஏன் வலிக்க வேண்டும்?

ஹைதராபாத்தின் மௌலா அலிக்கு மார்கழி வந்தால் விடியற்காலைக் குளிரோடு சளியும் வீட்டுக்கு வீடு நுழைந்துவிடும். ரயில்வே குடியிருப்புகள், லோகோ ஷெட், சுற்றிலும் தொழிற்பேட்டை என்று புழுதிக்கும் பஞ்சமில்லாத பகுதி. மூக்கடைத்து மூன்று நான்கு நாள் ஆனபின் சிலருக்குப் புதுத் தொல்லை ஒன்று சேர்ந்துகொள்ளும். நேற்றுவரை முறுக்குக் கடித்த மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் விண்விண்ணென்று தெறிக்கும். கண்ணாடியில் பார்த்தால் சொத்தை கிடையாது. கிராம்பை வைத்து அழுத்தியும் அடங்காவிட்டால், “பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்” என்று பல் மருத்துவரிடம் போய் உட்காருபவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பல்லின் மேல் தப்பே இல்லாமலிருக்கலாம்.

பல்லுக்கு மேலே ஓர் அறை

கன்னத்தின் உள்ளே மேல்தாடை எலும்புக்குள், மூக்கின் இரு பக்கமும், காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. சைனஸ் எனப்படும் இத்தகைய அறைகளில் பெரியவை இவைதான். வளர்ந்தவருக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மில்லிலிட்டர் கொள்ளும். அறையின் தரைக்குக் கீழேதான் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள். நடுவில் மெல்லிய எலும்பு. சிலருக்கு அதுவும் இல்லாமல், வேர்நுனிக்கும் அறைக்கும் இடையே வெறும் சவ்வு மட்டும்.

இந்த அறையின் வாசல் இருக்கும் இடம்தான் விசேஷம். வடிகாலை அடியில் வைக்காமல் மேல்விளிம்பில் வைத்துக் கட்டிய தண்ணீர்த்தொட்டி மாதிரி, வாசல் உச்சியில் இருக்கிறது. உள்ளே ஊறும் சளியை நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் மேலே தள்ளி மூக்குக்குள் விடுகின்றன. ஜலதோஷத்தில் சவ்வு வீங்கினால் வாசல் அடைபடும், சளி தேங்கும், அழுத்தம் கூடும்.

மேல்பற்களுக்குப் போகும் நரம்பிழைகள் இதே அறையின் சுவரை ஒட்டியே ஓடுகின்றன. அறையின் சவ்வுக்கும் பல்லுக்கும் நரம்பு ஒன்றே. வீக்கம் அதைச் சீண்டும்போது, வலி சுவரிலிருந்து வந்ததா பல்லிலிருந்து வந்ததா என்று மூளையால் பிரிக்க முடிவதில்லை. கீழ்வரிசைப் பற்களுக்கு வேறு கிளை நரம்பு. அதனால் சைனஸ் வலி பெரும்பாலும் மேல்தாடையோடு நின்றுவிடுகிறது.

இந்த அக்கம்பக்க உறவை 1651-இல் விரிவாக எழுதிவைத்தவர் இங்கிலாந்து மருத்துவர் நத்தானியல் ஹைமோர். பல் பிடுங்கிய குழியிலிருந்து நீர் வடிவது நிற்காத ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். அந்தப் பெண்மணி குழிக்குள் இறகை விட்டுப் பார்த்திருக்கிறார். அது போய்க்கொண்டே இருக்க, மூளைக்குள் போய்விட்டது என்று நடுங்கிவிட்டார். இறகு போனது கன்னத்து அறைக்குள்தான் என்று ஹைமோர் விளக்கினார். இன்றும் அந்த அறைக்கு அவர் பெயர் உண்டு.

எப்படிப் பிரித்தறிவது?

சைனஸ் வலி ஒரு பல்லோடு நிற்காது. இரண்டு மூன்று பற்கள் சேர்ந்து மந்தமாகக் கனக்கும். குனிந்து கோலம் போடும்போது கூடும். மௌலா அலி குன்றின் மேலுள்ள தர்காவுக்குப் போய்விட்டுப் படியிறங்கினால், காலடி விழும்போதெல்லாம் கன்னத்துக்குள் ‘திண் திண்’ என்று இடிக்கும். மூக்கடைப்பும் கூடவே இருக்கும்.

பல்லே பழுதென்றால் வலி ஒரே இடத்தில் நிற்கும். விரல் வைத்துக் காட்டலாம். ஐஸ் தண்ணீரோ சூடான காபியோ பட்டால் சுரீரென்று ஏறி, சிறிது நேரம் தங்கும். ஈறு வீங்கலாம், தூக்கம் கெடலாம்.

தலைகீழாகவும் நடக்கும். மேல்பல் வேரில் கோத்த சீழ் அறையின் தரையைத் துளைத்துச் சைனஸுக்குள் போகும். ஒரே பக்க மூக்கில் மட்டும் மாதக்கணக்காகத் துர்நாற்றத்துடன் சளி வந்தால், பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் மூக்குக்கு மட்டும் மருந்து சாப்பிட்டுப் பயனில்லை. சிக்கல் என்னவென்றால், பல்லுக்கு ஒரு கிளினிக், மூக்குக்கு இன்னொன்று. “எனக்குச் சளியும் இருக்கிறது” என்று பல் டாக்டரிடமும், “பல்லும் வலிக்கிறது” என்று ஈஎன்டி டாக்டரிடமும் சொல்ல வேண்டியவர் நோயாளிதான்.

அப்படிச் சொல்வதன் அருமையை ஹைதராபாத் 2021-இல் கண்டது. கொரோனா இரண்டாம் அலையின்போது பரவிய கறுப்புப் பூஞ்சைக்கு, கோட்டியிலுள்ள அரசு ஈஎன்டி மருத்துவமனை தெலங்கானாவின் மைய மருத்துவமனையானது. மூக்கடைப்பு, முகவலியோடு மேல்பல் வலிப்பதும் ஆடுவதும் அந்நோயின் எச்சரிக்கை அறிகுறிகள். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சளியோடு பல் ஆடினாலோ முகம் மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்ன செய்யலாம்?

மற்றவர்கள் பதற வேண்டாம். சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதாலேயே அந்த மாத்திரை தேவை என்றும் ஆகாது. ஏழு முதல் பத்து நாளில் வீக்கம் வடியும்போது பல்வலியும் வடிந்துவிடும். அதுவரை பாரசிட்டமால், வெதுவெதுப்பான ஒத்தடம், போதிய தண்ணீர். ஆவி பிடிப்பது இதமளிக்கும். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கம் கொண்டுபோக வேண்டாம். உப்புநீரால் மூக்கைக் கழுவினால் கொதிக்கவைத்து ஆறிய நீர்தான் வேண்டும். மூளையைத் தாக்கும் அமீபா, அசுத்த நீரோடு மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும்.

பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி காய்ச்சலோடு ஏறினாலோ டாக்டரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சளி ஓய்ந்தபின்னும் ஒரு பல் மட்டும் வலித்துக்கொண்டிருந்தால், அது பல்லின் சொந்த வலி. பல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அதுதான்.