முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்!

கல்யாண ஆல்பம் வந்தது. வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள்.

பாட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை தெரியுது. பக்கத்துல நிக்கிற பொண்ணு யாரு?" என்று கேட்டாள்.

"பாட்டி, அது நான்தான்!" என்றாள் பேத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. அந்தப் பெண் நல்ல மாநிறம். களையான முகம். அலங்காரம் செய்ய வந்தவர் அவளைச் சிவப்பாக்கிக் காட்ட வேண்டும் என்று பூசினார், பூசினார், பூசிக்கொண்டே இருந்தார். போட்டோ வெளிச்சம் பட்டதும் முகம் வெள்ளை வெளேர் என்று வந்துவிட்டது. கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே இருந்தன. யாருடைய தலையையோ எடுத்து இந்தப் பெண்ணின் உடம்பில் ஒட்டவைத்தது போல் இருந்தது.

கல்யாணம் ஒரு நாள் கூத்து, போகட்டும். தினமும் காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் கிளம்புகிற பெண்களைப் பாருங்கள். பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். நெற்றியிலும் கன்னத்திலும் திட்டுத் திட்டாகப் பவுடர். காதோரம் கோடு போட்டது போல நிறம் மாறுகிறது. வேர்வை வழிந்த இடத்தில் வாய்க்கால் தெரிகிறது.

பவுடர் பூசியது தவறல்ல. தனக்குச் சொந்தமில்லாத நிறத்தைப் பூசியதுதான் தவறு.

சாம்பல் பூத்தது ஏன்?

நாம் சாதாரணமாகப் பூசும் டால்கம் பவுடர் என்பது என்ன? பூமியில் கிடைக்கும் ஒருவகை மெல்லிய வெள்ளைக் கல்லின் தூள். அதில் வாசனை சேர்த்து டப்பாவில் அடைக்கிறார்கள். அது வேர்வையை உறிஞ்சும். ஆனால் அதன் நிறம் வெள்ளை.

நம் தோலின் நிறம் பழுப்பு. பழுப்பின் மேல் வெள்ளையைத் தூவினால் என்ன வரும்? சிவப்பு வராது. சாம்பல் நிறம்தான் வரும். காபிப் பொடியில் கோலமாவைக் கலந்து பாருங்கள், விளங்கும்.

முகத்துக்கென்றே செய்த பவுடர் வேறு. காம்பேக்ட் என்று தட்டையான டப்பியில் வருகிறதே, அது. பவுண்டேஷன் என்ற பூச்சும் அப்படித்தான். இவற்றில் இரும்பிலிருந்து எடுத்த சாயங்களைச் சேர்க்கிறார்கள். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று. இந்த மூன்றையும் வெள்ளையோடு கூட்டிக் குறைத்துக் கலந்தால், உலகத்தில் உள்ள எல்லாத் தோல் நிறங்களையும் கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிடலாம்.

தோலுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது? மெலனின் என்ற பொருளிலிருந்து. அதைச் செய்யும் உயிரணுக்கள் சிவந்தவருக்கும் கறுத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. கறுத்தவர் தோலில் அவை அதிகம் வேலை செய்கின்றன, அவ்வளவுதான். அந்த மெலனின் வெயிலின் கொடுமையைத் தடுக்கும் குடை. நம் ஊர் வெயிலுக்கு அந்தக் குடை வேண்டாமா?

குடையைக் கிழிக்கும் களிம்பு

ஆனால் குடையைக் கிழித்துக்கொள்ளத்தான் பலர் காசு கொடுக்கிறார்கள்.

சிவப்பழகு ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1975-ல் 'பேர் அண்ட் லவ்லி' வந்தது. குழாய்க் களிம்பு வீட்டுக்கு வீடு புகுந்தது. 2020-ல் அந்தக் கம்பெனியே 'பேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது. ஆசை மாறவில்லை.

இங்கேதான் ஆபத்து. பெயர் தெரியாத சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். அதனால் சீக்கிரமே முகம் வெளுக்கும். "பார்த்தாயா, எப்படி வேலை செய்கிறது!" என்று பூசுகிறவளுக்கு ஒரே சந்தோஷம். அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் கைவைக்கும்.

2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்த சிலரை டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். அவர்கள் சிவப்பழகுக் களிம்பு பூசி வந்தது தெரிந்தது. களிம்பைச் சோதித்தால் பாதரசம்!

கால் வீங்குவது, சிறுநீர் நுரைத்துப் போவது ஆகியவை சிறுநீரகம் கெடுவதன் அறிகுறிகள். களிம்பு பூசும் பெண்ணுக்கு இவை வந்தால் களிம்பு டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். பாதரசம் ஆவியாகவும் பரவும். பூசியவள் மட்டுமல்ல, அவள் மடியில் கிடக்கும் குழந்தைக்கும் கெடுதல்.

அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்க்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் இந்திய அழகுசாதன விதிகள் சொல்கின்றன. ஆகவே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் உண்டா? முகவரி உண்டா? என்னென்ன பொருள் சேர்ந்தது என்ற பட்டியல் உண்டா? எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று போட்டிருக்கிறதா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒன்றுமே இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. மருந்துக் கடையில் ஸ்டீராய்டு களிம்பை வாங்கிப் பவுடர் போலத் தினமும் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தோல் நோய்க்கு டாக்டர் சில நாளைக்கு எழுதித் தரும் மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும். பரு கிளம்பும். பெண் முகத்தில் மீசை அரும்பும். நிறுத்தினாலோ முகம் தீயாய் எரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கடைக்காரர் கொடுத்தாலும் நீங்கள் வாங்கலாமா?

கடை வாசலுக்கு வாருங்கள்!

சரி, நம் நிறத்துக்கு ஏற்ற பவுடரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேன்சி கடைக்குப் போகிறீர்கள். "அக்கா, உங்களுக்கு இது எடுப்பா இருக்கும்" என்று கடைப் பெண் ஒன்றை எடுத்து நீட்டுவாள். பத்துக்கு ஒன்பது தடவை அது உங்கள் நிறத்தைவிட வெளுப்பாகத்தான் இருக்கும். அவள்மேல் குற்றமில்லை. வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். சில கடைகளில் கறுத்த நிறத்துக்கான டப்பியை வாங்கி வைப்பதே இல்லை. நாலு பேர் விடாமல் கேட்டால் வாங்கி வைப்பார்கள்.

பூசிப் பார்க்க அவள் உங்கள் புறங்கையைப் பிடிப்பாள். வேண்டாம். புறங்கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்களுக்குக் கை இன்னும் கறுத்திருக்கும்.

காதுக்கும் முகவாய்க்கும் நடுவில், தாடை எலும்பு ஓடுகிறதே, அந்த இடத்தில் தடவிப் பாருங்கள். முகமும் கழுத்தும் சந்திக்கிற எல்லை அதுதான். மூன்று நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடாக இழுங்கள். பிறகு கைக் கண்ணாடியோடு கடை வாசலுக்கு வாருங்கள். டியூப் லைட் பொய் சொல்லும். பகல் வெளிச்சம் பொய் சொல்லாது. எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறதோ, அதுதான் உங்களுடையது.

உடனே வாங்கிவிடாதீர்கள். கால் மணி நேரம் மற்ற சாமான் வாங்கிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். முகத்து எண்ணெயோடு சேர்ந்ததும் சில பூச்சுகள் ஒரு படி கறுக்கும்.

இதற்கும் மேலே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே மாநிறத்தில் இரண்டு அக்கா தங்கைகள் இருப்பார்கள். ஒருத்திக்குப் பொருந்தியது இன்னொருத்திக்குப் பொருந்தாது. ஏன்? மேல் நிறம் ஒன்றானாலும் அடியில் ஓடும் சாயல் வேறு. ஒருத்திக்கு மஞ்சள் சாயல், மற்றவளுக்குச் செம்மண் சாயல். மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறார்கள். நம் கறுத்த கையில் நரம்பு எங்கே பளிச்சென்று தெரிகிறது? அதைவிட, மஞ்சள் சாயல் பவுடர் ஒரு கன்னம், சிவப்புச் சாயல் பவுடர் ஒரு கன்னம் என்று தடவிப் பார்ப்பது நல்லது. பொருந்தாத பக்கம் நோயாளி போல் காட்டும்.

தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற சோதனையும் வேண்டும். முழங்கையின் உள்பக்கம் துளி தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அரித்தால், தடித்தால், முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தினசரி அலங்காரம்

தினசரி அலங்காரத்துக்கு ஐந்து நிமிடம் போதும்.

முகம் கழுவித் துடையுங்கள். துடைத்துச் சற்று ஆறவிடுங்கள். ஈர முகத்தில் பவுடர் பூசினால் அது மாவு பிசைந்தது போல் கட்டிக்கொள்ளும். வெயிலில் போகிறவர்கள் முதலில் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். அது வெள்ளையாகப் பூக்கிறதா? தோல் நிறச் சாயம் சேர்த்த சன்ஸ்கிரீன் வருகிறது, அதைக் கேளுங்கள். மங்கு விழுந்த முகத்துக்கு அதுவே மேல். முன்பு சொன்ன இரும்புச் சாயம், மங்கைக் கூட்டும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும்.

பவுடரைக் கொஞ்சமாகப் பஞ்சில் எடுத்து, ஒரு தட்டுத் தட்டி உதிர்த்துவிட்டு, முகத்தில் ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். மூக்கு, நெற்றி, முகவாய் ஆகிய எண்ணெய் வழியும் இடங்களுக்கு மட்டும் போதும். முகம் முழுவதும் பூச இது என்ன சுவரா? பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது பவுடர் பறக்க வேண்டாம். அந்தத் தூள் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது.

கண்ணுக்கு மை. மெல்லிய கோடு போதும். சுர்மா என்று விற்கும் தூள் சிலவற்றில் ஈயம் இருக்கிறது. அது குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். பெயர் முகவரி இல்லாத மையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

உதட்டுச் சாயம் பூசினால் "சினிமாக்காரி" என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இப்போது கல்லூரி மாணவிகளிலிருந்து ஆபீஸ் போகும் அம்மாக்கள் வரை பூசுகிறார்கள். நிறம் பார்ப்பதுதான் கஷ்டம். கறுத்த நிறத்துக்கு நாவல்பழம், மாதுளை முத்து, முற்றிய திராட்சை ஆகிய நிறங்கள் எடுப்பாக இருக்கும். மாநிறத்துக்குச் செங்கல் நிறமும் புளியங்கொட்டை நிறமும் இயல்பாக அமையும். சிவந்தவர்களுக்கு ரோஜா நிறம். வெளிறிய இளஞ்சிவப்பை நம்மில் பலர் பூசினால் உதடு வெளுத்து, பச்சரிசி மாவைத் தின்றுவிட்டுத் துடைக்க மறந்தது போல் தெரியும். கடையில் நாலு பேர் உதட்டில் பட்ட சாம்பிளை உங்கள் உதட்டில் வைக்காதீர்கள். விரல் நுனியில் தடவிப் பாருங்கள். அதிலிருந்தே துளி எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பரப்பினால் கன்னச் சிவப்புக்குத் தனி டப்பி வேண்டாம்.

இனி பொட்டு. ஒட்டுப் பொட்டு வசதிதான். ஆனால் சில பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் தோலின் நிறத்தையே அழித்துவிடும். நெற்றி நடுவில் வெள்ளைத் தழும்பு விழுந்த பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரிப்பு வந்தால் அன்றைக்கே அந்தப் பொட்டை விட்டுவிடுங்கள். இரவில் எடுத்துவிட்டுப் படுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த பழைய குங்குமம் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்பதில் சாயம் கலந்ததும் உண்டு. அதுவும் சிலருக்கு அரிக்கும்.

இரவு எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் முகத்தோடு படுக்காதீர்கள். துளி தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மையையும் சாயத்தையும் துடைத்துவிட்டு முகம் கழுவுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். பவுடர் பூசும் பஞ்சைக் கடைசியாக எப்போது அலசினீர்கள்? ஒரே பஞ்சை ஆறு மாதம் வைத்திருந்து, அதில் சேர்ந்த அழுக்கையும் எண்ணெயையும் தினமும் முகத்தில் ஒற்றிவிட்டுப் பரு வருகிறதே என்று பவுடர் கம்பெனியைத் திட்டுகிறோம்.  சோப்பு போட்டு அலசி வெயிலில் காயப் போடுங்கள். சாயந்திரத்துக்குள் காய்ந்துவிடும்.