ஊர் கூடி நடத்தும் வீரர் நாடகம்



'பேண்டமைம்' என்றதும் வாய் பேசாமல் கையசைத்து நடிக்கும் ஊமை நாடகமே நம் நினைவுக்கு வரும். ஆனால் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் பேண்டமைம், அரங்கமே அதிரும் நாடகம். பாட்டியும் பேரனும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பது. சின்டரெல்லா, அலாவுதீன் கதைகளோடு ஆர்தர் மன்னரும் 'நைட்' எனப்படும் அவருடைய குதிரை வீரர்களும் அங்கே மேடையேறுவதுண்டு.

பெயர் ஒன்று, செயல் வேறு. ஏன் அப்படி? 1717ஆம் ஆண்டளவில் லண்டனில் ஜான் ரிச் என்பவர் ஹார்லெக்வின் வேடத்தில் பேசாமலே நடித்துப் புகழ்பெற்றார். அரச உரிமம் பெற்ற சில அரங்குகளுக்கு மட்டுமே பேச்சு நாடகம் நடத்தும் உரிமை இருந்ததால், மற்ற அரங்குகள் ஆடலையும் இசையையும் நம்பி வாழ்ந்தன. 1843ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. ஊமைக்கு வாய் வந்தது!

நடிப்பவர்கள் யார்?

பெரிய நகரங்களில் தொழில்முறைக் கலைஞர்கள் நடிக்கிறார்கள். சிற்றூர்களில் நடிப்பவர்கள் அமெச்சூர் குழுவினர். பகலில் ஆசிரியர், தபால்காரர், கடைக்காரர். மாலையில் ஆர்தர், மெர்லின், குயினவியர். இத்தகைய குழுக்களுக்கான தேசியச் சங்கம் அந்நாட்டில் 1899லேயே தொடங்கப்பட்டது.

இலையுதிர் காலத்தில் ஒத்திகை தொடங்கும். நாடகப் பிரதிக்கு உரிமைக் கட்டணம் செலுத்த வேண்டும். சிறுவர்கள் நடித்தால் உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும். ஒரு பொறுப்பாளர் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் கவனித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி.

இரும்புச் சங்கிலிக் கவசத்துக்குப் பணம் ஏது? தடித்த நூலில் பின்னிய சட்டைக்கு வெள்ளி வண்ணம் அடித்தால், மேடை வெளிச்சத்தில் அது கவசமாகிவிடும். வாள் மரத்தால் ஆனது. குதிரை? துணிக்குள் இரண்டு பேர்! முன்னவர் தலையும் முன்கால்களும், பின்னவர் பின்கால்கள். பாட்டி வேடத்தில் ஆண் வருவார்; இளம் வீரன் வேடத்தைப் பெண் ஏற்பதும் பழைய வழக்கம்.

பார்ப்பவர்களுக்கும் வேலை உண்டு. வில்லன் வந்தால் ஏளனக் கூச்சல் எழுப்ப வேண்டும். அவன் பதுங்கி வந்தால், "உனக்குப் பின்னால்!" என்று பிள்ளைகள் கத்த வேண்டும். வீட்டில் "சத்தம் போடாதே" என்று கேட்டே பழகிய பிள்ளை, ஆபத்தில் இருப்பவரைக் காக்கக் குரல் கொடுக்க இங்கே கற்றுக்கொள்கிறது. இது சிறிய பாடமா?

வட்ட மேசை சொல்வது

ஆர்தர் கதைகளில் வட்ட மேசையை முதன்முதலில் குறிப்பிடுவது வேஸ் என்ற கவிஞர் 1155ல் எழுதிய நூல். வீரர் ஒவ்வொருவரும் தாமே சிறந்தவர் என எண்ணியதால், தலைமை இருக்கை இல்லாத மேசையை மன்னர் செய்வித்தாராம். வின்செஸ்டர் நகரிலுள்ள ஒரு பழைய கோட்டை மண்டபத்தில் இன்றும் ஒரு பெரிய வட்ட மேசைப் பலகை தொங்குகிறது. அது ஆர்தர் காலத்தது அல்ல. 13ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. பொருள் பிற்காலத்தது என்றாலும் கருத்து பழையது.

அமெச்சூர் குழுவும் அத்தகைய மேசைதான். மன்னராக நடிப்பவர் நாடகம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவார். குதிரையின் பின்கால்களாக நடித்தவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் இல்லாமல் குதிரை நடக்காது.

2020ஆம் ஆண்டுக் கடைசியில் கோவிட் தொற்றால் பல மண்டபங்கள் இருண்டு கிடந்தன. நாடகம் நின்றபோது வேடிக்கை மட்டும் நிற்கவில்லை. வாரந்தோறும் அண்டை வீட்டார் சந்தித்துக்கொள்ள இருந்த காரணமும் நின்றது. தனியாக வாழும் முதியவருக்கு அந்த ஒத்திகை மாலைதான் பேச்சுத்துணை. அதனால்தான் தடைகள் நீங்கியதும் மக்கள் மீண்டும் ஊசியையும் நூலையும் எடுத்தார்கள்.

நேயர்களே, நம் வட்டாரத்தில் நாடகமோ கலைநிகழ்ச்சியோ நடந்தால், நடிப்பு எப்படி என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமா என்றும் கேட்போம்.