உடைப்பெடுத்த கரையும் ஒரு பாட்டும்

கர்நாடக சங்கீதத்தில் ஊறிய எனக்கு ராக் இசை அவ்வளவாக ஒத்துவராது. ஆனால் லெட் செப்பலின் குழுவின் ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் விரும்பிக் கேட்கும் பாட்டு என்பதால் அன்பர்களுக்கு அதைச் சொல்ல ஆசை.

‘லெவீ’ என்றால் வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் எழுப்பும் மண்கரை. 1927 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு, கிரீன்வில் ஊருக்கு மேலே மவுண்ட்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் உடைப்பெடுத்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கறுப்பின உழைப்பாளிகளின் கதி இன்னும் மோசம். கரையைக் காக்க மண்மூட்டை சுமந்தவர்கள் அவர்கள். கரை உடைந்தபின் அதன்மேலேயே கூடாரங்களில் காவலுக்குள் வைக்கப்பட்டவர்களும் அவர்களே. வெளியே விட்டால் பருத்தி வயலுக்கு ஆள் கிடைக்காது என்று பண்ணையார்களுக்குப் பயம்! முடிந்தவர்கள் பிழைப்புத் தேடி வடக்கே சிகாகோவுக்குப் போனார்கள்.

மெம்ஃபிஸ் மின்னியும் அவர் கணவர் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929-இல் நியூயார்க்கில் இந்தப் பாட்டைப் பதிவு செய்தனர். பாடியவர் ஜோ. இரண்டு கிதார், ஒரு குரல், சுமார் மூன்று நிமிடம், அவ்வளவுதான். ப்ளூஸின் இலக்கணம் பெரும்பாலும் எளியது: ஒரு வரி, அதையே இன்னொரு தடவை, பிறகு பதில்போல மூன்றாவது வரி. திரும்பச் சொல்லும்போது துக்கம் கனக்கிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜோவின் குரலில் அலறல் கிடையாது. எல்லாம் போனபின் ஒருவன் பேசுவதுபோல இருக்கும்.

லெட் செப்பலின் பதிவு 1971-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் டிரம்ஸை மாடிப்படியின் அடியில் வைத்து, மைக்குகளை மேலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த எதிரொலியில் வெள்ளமே வருவதுபோல் இருக்கிறது, எனக்கே பிடித்துவிட்டது.

அந்த இசைத்தட்டில் குழுவினர் நால்வரோடு மின்னியின் பெயரும் உண்டு. ஜோவின் பெயர் இல்லை. அவர் 1950-லேயே இறந்துவிட்டார். பாப் டிலன் 2006-இல் இதைத் தழுவி ஒரு பாட்டு வெளியிட்டார். அதில் டிலன் பெயர் மட்டுமே. பழைய பாட்டை எடுத்துப் புதிதாக்குவது ப்ளூஸில் வழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. பெயரை விட்டதுதான் உறுத்துகிறது.

மின்னி முதுமையில் பக்கவாதத்தால் முடங்கி, 1973-இல் மெம்ஃபிஸில் காலமானார். அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல் நட்டது 1996-இல். செலவை ஏற்றவர் பாடகி பானி ரெய்ட்.